இரட்டைக் கழுத்து வயலின்

ஈழத்து இசைத் தடங்கள் – 14

சென்ற இதழில் பொப்பிசையோடு நிறுத்தியிருந்தோம். நித்தி கனகரத்தினம் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மேடையேறியதையும், ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டுக் கலியாண வீடுகளைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்தோம். அவையெல்லாம் கேட்ட மாத்திரத்தில் காலை ஆட்ட வைக்கும் பாட்டுக்கள். இம்முறை வருவது நேர் எதிரான சங்கதி. ஆடுவதற்கு வழியில்லாத, எந்த அவசரமும் இல்லாத, கேட்பவரைக் கதிரையில் சாய்த்துவிடும் ரொக் இசை. அதற்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன தொடுப்பு என்று கேட்பீர்கள். ஒரு வயலின்தான் தொடுப்பு.

முதலில் அந்த ரொக் இசையைப் பற்றிக் கொஞ்சம். 1960களின் நடுப்பகுதி வரை ஒரு பாட்டென்றால் மூன்று நிமிடம். வானொலிக்காரர் வைத்த அளவு அது. 1969 ஒக்ரோபர் 10 அன்று இங்கிலாந்தில் கிங் கிரிம்சன் என்ற புதுக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 44 நிமிடத்துக்கு மொத்தமே ஐந்து உருப்படிகள். முதலாவது காதைக் கிழிக்கும். அது ஓய்ந்ததும் புல்லாங்குழலோடு மெல்ல வரும் இரண்டாவதைக் கேட்டால், அதே ஆட்கள்தானா என்று சந்தேகம் வரும். அந்தத் தட்டில் ஒரு வயலின் கூட்டமே பின்னால் இருந்து வாசிப்பதுபோல் கேட்கும். ஆனால் அங்கே ஒரு வயலினும் கிடையாது. மெல்லோட்ரன் என்ற கருவி செய்த வேலை அது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா. அதில் முன்பே பதிந்து வைத்த வயலின் ஒலி. கட்டையை அழுத்தினால் நாடா எட்டு விநாடி போல ஓடித் தீர்ந்துவிடும். விரலை எடுத்துத் திரும்ப அழுத்தவேண்டும். இவ்வளவு சிரமப்பட்டாவது வயலின் ஓசை வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது.

இந்த வகைக்குத்தான் புரோகிரசிவ் ரொக் என்று பேர். பிங்க் ஃபுளொய்ட், ஜெனிசிஸ், யெஸ், கமெல் என்று பின்னால் ஒரு பெரிய வரிசையே வந்தது. யெஸ் குழு 1972இல் ஒரு தட்டின் முதற்பக்கம் முழுவதையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தது. இவர்களில் வித்தை காட்டுகிறவர்கள் ஒரு சாரார். ஓசையால் ஒரு சூழலைக் கட்டிவிட்டு அதற்குள் நம்மை இருத்துகிறவர்கள் இன்னொரு சாரார். முதற் சாராரைக் கைதட்டிப் பாராட்டிவிட்டு எழும்பிப் போய்விடலாம். எனக்கு இரண்டாவது சாரார்தான்.

இனி யாழ்ப்பாணம். 1950களில் வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணன் குடும்பத்தோடு அங்கே இருந்து இசை கற்பித்துவந்தார். மனைவி சீதாலட்சுமி வீணை வாசிப்பவர். இந்திய வித்துவான் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வந்து தங்குவது அந்தக் காலத்தில் அதிசயம் இல்லை. கோயில் திருவிழாக் காலம் தொடங்கினால் இந்தியாவிலிருந்து நாதஸ்வரக் கோஷ்டிகள் வந்திறங்கும். விடிய விடியக் கச்சேரி நடக்கும். அளவெட்டி, இணுவில் பக்கத்துத் தவில்காரர்களோடு வாசித்துப் பார்க்க இந்திய வித்துவான்களுக்கே ஆசை உண்டு. தவில் மேதை தெட்சணாமூர்த்தி வளர்ந்த மண் அது. இசைக்குப் பணம் கொடுக்கவும், பிழை விட்டால் முகத்துக்கு நேரே சொல்லவும் தெரிந்த சனம் அங்கே இருந்தது.

லட்சுமிநாராயணனின் பிள்ளைகளில் மூவரின் பேர் இன்று உலகுக்குத் தெரியும். மூத்தவர் எல். வைத்தியநாதன், ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கும் ‘மால்குடி டேஸ்’ தொடருக்கும் இசையமைத்தவர். அடுத்தவர் எல். சுப்பிரமணியம். இளையவர் எல். சங்கர், 1950 ஏப்ரல் 26 அன்று சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். ஐந்து வயதில் கையில் வயலின், ஏழு வயதில் இலங்கைக் கோயில் ஒன்றில் முதற் கச்சேரி. நம்முடைய கதாநாயகர் இவர்தான். சித்தார் வாசித்த ரவி சங்கரோடும், பாடகர் சங்கர் மகாதேவனோடும் இவரைக் குழப்பிக்கொள்ளவேண்டாம். இசைத்தட்டுக் கடைக்காரர்களே குழம்பிய விசயம் இது. பிற்காலத்தில் அவரே தன் பேரைச் ‘ஷெங்கர்’ என்று எழுதத் தொடங்கினார்.

1958 ஏப்ரலில் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதம் கலவரம். மே 27 அன்று அவசரகால நிலை வந்தது. அந்தக் கலவரத்தை அடுத்து லட்சுமிநாராயணன் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்குப் போனது. அப்போது சங்கருக்கு எட்டு வயது.

இந்தத் தொடர் தில்லையடியில் இருந்து எழுதப்படுகிறது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புத்தளம் கடலேரிக் கரையில் உள்ள இந்த ஊரில், எங்கள் தெருவிலேயே பலர் 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒக்ரோபர் 30 அன்று ஒலிபெருக்கியில் அறிவித்து ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள்; விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம்; கொண்டுபோக விட்டது கையில் சில நூறு ரூபாயும் உடுத்த உடுப்பும். வடக்கு முழுவதிலும் இருந்து கிட்டத்தட்ட 75,000 பேர் அப்படி வந்தார்கள். 1958இல் ஒரு வித்துவான் வீட்டார் வயலினோடு சென்னைக்குப் போனதையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது, வைக்கவும் நான் வரவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து இசை வரலாற்றை எழுதுகிறவர்கள் ‘போனவர்கள்’ என்று ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு அப்பால் நடந்ததை எல்லாம் விட்டுவிடுகிறார்கள். தில்லையடியில் இருந்துகொண்டு அந்தக் கோட்டை ஒப்புக்கொள்வது கஷ்டம்.

சென்னையில் மூன்று சகோதரர்களும் சேர்ந்து வயலின் கச்சேரி செய்தார்கள். சங்கர் தனியாகச் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பெரியவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். 1969இல் அமெரிக்கா போனார். கனெக்ரிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1974இல் கலாநிதிப் பட்டம் எடுத்தார். ஆய்வுத் தலைப்பு என்ன தெரியுமா? வாய்ப்பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கும் கலை.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். பக்கவாத்தியக்காரரின் வேலை லேசுப்பட்டது அல்ல. பாடகர் இராகத்தை இழுக்கும்போது அரை விநாடி பின்னால் நிழலாகத் தொடரவேண்டும். அவர் மூச்சு விடும் இடத்தை நிரப்பவேண்டும். நிரப்பும்போது அவரை மிஞ்சிவிடக்கூடாது. சப்பணமிட்டு இருந்து, வயலினின் சுருளை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை நெஞ்சோடு அணைத்து வாசிப்பதால் இடக்கை கருவியைத் தாங்கவேண்டியதில்லை. விரல் தந்தியின் மேல் மேலும் கீழுமாகத் தாராளமாக வழுக்கும். கமகம் பிறப்பது அங்கேதான். நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிக்கும் ஐரோப்பியருக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. ஆக, சங்கர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது இரண்டு: வழுக்குகிற விரல், அடக்கி வாசிக்கிற பழக்கம். ரொக் இசைக்காரர் முதலாவதைக் கண்டு மயங்கினார்கள். அவருடைய தட்டுகளுக்குக் குணம் கொடுத்தது இரண்டாவது என்பது என் கட்சி.

ஜோன் மக்லாக்லின் என்ற ஆங்கிலேயக் கிற்றார்க்காரர் அப்போது மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா என்ற குழுவை வைத்து அசுர வேகத்தில், அசுர சத்தத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வெஸ்லியனில் டொக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை படிக்க வந்தவர். சங்கரும் அவரும் சேர்ந்து ‘சக்தி’ பிறந்தது. கடம் விநாயக்ராம், தபேலா ஜாகிர் ஹுசேன், மிருதங்கம் இராமநாதபுரம் இராகவன். 1975 ஜூலை 5 அன்று நியூயோர்க் லோங் ஐலண்டில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவுதான் அடுத்த ஆண்டு முதல் தட்டாக வந்தது. மூன்றே உருப்படிகள். முதலாவது 18 நிமிடம், கடைசி 29 நிமிடம், இரண்டும் பாய்ச்சல். நடுவில் ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த சின்ன உருப்படி ஒன்று. கிற்றாரும் வயலினும் ஒரே மெட்டைச் சேர்ந்து நகர்த்திப் போகும், தாளக்காரர் இருப்பதே தெரியாது. இன்றும் பலர் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான். மின்சாரக் கிற்றாரின் நட்சத்திரம் ஒருவர் பாயில் இருந்து வாசித்ததை இசைத்தட்டுக் கம்பனிக்காரர் ரசிக்கவில்லை. மூன்று தட்டுகளோடு ‘சக்தி’ கலைந்தது.

அடுத்து வந்தவர் பிராங்க் சப்பா. பகிடியும் கணக்கும் ஒன்றாய்க் கலந்த மனுசன். 1978 ஒக்ரோபர் கடைசியில் நியூயோர்க் பலேடியம் அரங்கில் நடந்த அவருடைய கச்சேரிகளில் சங்கர் விருந்தாளியாக வாசித்தார். அதில் ஓர் உருப்படிக்குப் பேரே ‘பதின்மூன்று’; 13 அட்சரத்தில் ஓடுவது. அமெரிக்கச் சபைக்கு அந்தக் கணக்கு தலையைச் சுற்றியிருக்கும். சதுஸ்ரத்தோடு சங்கீர்ணத்தைக் கூட்டினால் பதின்மூன்று என்று ஏழு வயதில் படித்தவருக்கு அதில் என்ன இருக்கிறது!

1979இல் சப்பா தன் சொந்த லேபிளில் சங்கரின் முதல் தனித்தட்டைத் தயாரித்தார். ‘டச் மீ தேர்’ என்று பேர். ஈழத்துத் தமிழ் மண்ணில் வளர்ந்த ஒருவர் தன் பேரில் வெளியிட்ட ரொக் தட்டு என்று பார்த்தால் எனக்குத் தெரிந்து இதற்கு முந்தியது இல்லை. தட்டுக்கு இரண்டு முகம். ஒன்று சப்பாவின் குத்தல் பாட்டுக்கள். முதற் பாட்டை வான் மொரிசன் பாடிப் பதிந்தார். அவருடைய கம்பனி அதை வெளியிட விடாததால், சப்பாவும் ஐக் வில்லிசும் திரும்பப் பாடினார்கள். சப்பா தன் பேரைப் போடாமல் ஏதோ ஒரு பகிடிப் பேரைப் போட்டுக்கொண்டார். இந்தக் கதையைத்தான் எல்லாரும் எழுதுவார்கள். மற்ற முகம் வரியில்லாத உருப்படிகள். சைமன் பிலிப்சின் டிரம்ஸ் பின்னால் இருந்து நிதானமாகத் தட்ட, வயலின் முன்னே வந்து பாடும். சப்பாவின் பகிடிகளில் பல பழசாகிவிட்டன. லண்டன் பெண்களைக் கிண்டலடிக்கும் பாட்டை இன்று முகம் சுளிக்காமல் கேட்க முடியாது. வயலின் மட்டும் பழசாகவில்லை. முழுத்தட்டும் அதன் வழியில் போயிருந்தால் இது பெரிய தட்டாக நின்றிருக்கும், கிடைத்திருப்பது அரைத்தட்டுத்தான்.

அந்தக் குறை தீர இரண்டு வருசம் எடுத்தது. இடையில் ஜெனிசிஸ் குழுவின் டிரம்ஸ்காரர் ஃபில் கொலின்ஸ் தன் முதல் தனித்தட்டான ‘ஃபேஸ் வல்யூ’வைப் பதியும்போது சங்கரை அழைத்தார். 1981 பெப்ரவரியில் வெளிவந்த அந்தத் தட்டு பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. அதை வாங்கிய லட்சக்கணக்கானோர் உள்ளே யாழ்ப்பாணத்தில் பழகிய விரல் ஒன்று இருக்கிறது என்று அறிந்திருக்கமாட்டார்கள்.

1980இல் சங்கர் ஒரு கருவியைக் கற்பனை செய்து, நியூயோர்க்கில் கென் பார்க்கர் என்ற கிற்றார்ச் சிற்பியிடம் செய்வித்தார். ஓர் உடலில் இரண்டு கழுத்து. ஒவ்வொரு கழுத்திலும் ஐந்து தந்தி. மின்சார வயலின், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஒலி. ஒரு கழுத்து மேற்சுரங்களுக்கு, மற்றது கீழ்ச்சுரங்களுக்கு. இரண்டையும் சேர்த்தால் ஓர் ஓர்கெஸ்ட்ராவில் டபுள் பேஸ் தொடக்கம் செலோ, வியோலா, வயலின் வரை உள்ள முழுத் தந்திக் குடும்பத்தின் எல்லையும் அடங்கும். ஒரு கழுத்தை வில் தொடும்போது மற்றக் கழுத்தின் தந்திகளும் தாமாக அதிரும். சங்கரின் ஓசைக்குப் பின்னால் எப்போதும் ஒரு மெல்லிய மூட்டம் இருக்குமே, அது அங்கிருந்து வருவது. கிங் கிரிம்சன்காரர் எட்டு விநாடி நாடாவைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பெற்றதை இவர் ஒரே வில்லால் பெற்றார்.

அந்தக் கருவியோடு வந்த முதல் தட்டு 1981இல் மன்பிரெட் ஐஷரின் ஈ.சீ.எம். லேபிளில் வெளிவந்த ‘ஹூஸ் டு நோ’. மியூனிக்கில் 1969இல் தொடங்கிய லேபிள் அது. சத்தத்தைக் காட்டிலும் சத்தங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைக் கவனமாகப் பதிவதற்குப் பேர் போனது. ஒரு பக்கம் இராகம் – தானம் – பல்லவி. மறு பக்கம் ‘ஆனந்த நடமாடும் பாதம்’. உமையாள்புரம் சிவராமன் மிருதங்கம், ஜாகிர் ஹுசேன் தபேலா. தாளம் போட்டவர் என்று அட்டையில் இன்னொரு பேரும் இருக்கிறது: வி. லட்சுமிநாராயணன். யாழ்ப்பாணத்தில் மகனின் கையில் வயலினைக் கொடுத்த அதே தகப்பன், புதுக்கருவியின் முதற் பதிவில் பக்கத்தில் இருந்து தாளம் போட்டிருக்கிறார்.

இதில் ரொக் எங்கே என்று கேட்கலாம். கண்டிப்பான கணக்கில் இல்லைதான். தட்டின் உபதலைப்பே இந்திய சாஸ்திரிய இசை என்றுதான் சொல்கிறது. ஆனால் புரோகிரசிவ் ரொக் பிள்ளைகள் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பும் உருப்படிக்கு என்னென்னவோ வடிவம் தேடி அலைந்தார்கள். தாளமில்லாத ஆலாபனையில் மெல்லத் தொடங்கி, தானத்தில் நடை பிடித்து, ஒரே வரியைப் பல காலத்தில் திருப்பும் பல்லவியில் முடிகிற வடிவம் நம்மவரிடம் எப்போதோ இருந்தது. சங்கர் அதை எடுத்து, மின்சாரம் ஏற்றி, இருபத்துச் சொச்சம் நிமிடத்துக்குள் அடக்கினார். ஐரோப்பாவில் இதை வாங்கிக் கேட்டவர்களில் கணிசமானோர் பிங்க் ஃபுளொய்ட் தட்டுகளுக்குப் பக்கத்தில்தான் அடுக்கி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதைத் தில்லையடியில் ரேடியோ, ரீவி திருத்தும் நானா ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். சோனகத் தெருவில் பிறந்து, 90இல் வந்தவர். ஈயப்பற்று வைத்துக்கொண்டே கேட்டார்.

“தம்பி, பாட்டு எப்பத் தொடங்கும்?”

“தொடங்கி அஞ்சு நிமிசமாச்சு நானா.”

“அப்ப இவ்வளவு நேரமும் சுருதி கூட்டேல்லையா?”

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பற்றுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு, காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினார். “நல்லூர்த் திருவிழாவில மேளம் இப்பிடித்தான் இழுப்பாங்க. சின்னனில வாப்பாவோட தேரடியில நிண்டு கேட்டிருக்கன். அது குழல். இது வயலின் எண்டு சொல்லுறீர்.” வயலினின் அந்த வழுக்கலுக்குள் நாதஸ்வரம் இருப்பதை அவர் பிடித்துவிட்டார். இசை விமர்சகர்கள் எழுதியதில் நான் அதைக் கண்டதில்லை. குழந்தைக் காதில் கோயில் வீதி நாதஸ்வரம் விழாமல் யாழ்ப்பாணத்தில் எட்டு வயது வரை ஒரு பிள்ளை வளர்ந்திருக்க முடியாது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1984இல் வந்த ‘விஷன்’ தட்டில் நோர்வேயின் யான் கார்பரெக் சக்ஸபோன், டென்மார்க்கின் பாலே மிக்கல்போர்க் ட்ரம்பெட், சங்கரின் இரட்டை வயலின், இவ்வளவுதான். சூழலிசை என்று நான் ஆரம்பத்தில் சொன்னதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் அவருடைய தட்டுகளில் இல்லை. 1986இல் ‘தி எபிடெமிக்ஸ்’ என்ற பேரில் கரோலின் என்பவரோடு சேர்ந்து பொப் பக்கம் போனார். ஸ்டீவ் வாய் கிற்றார், பேர்சி ஜோன்ஸ் பேஸ் என்று ஆட்பலம் இருந்தும் எனக்கு அது ஒட்டவில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். 1989இல் ஜெனிசிசின் பழைய பாடகர் பீற்றர் கேப்ரியல், மார்ட்டின் ஸ்கோர்செசியின் படமொன்றுக்குச் செய்த இசையைப் ‘பேஷன்’ என்ற தட்டாக வெளியிட்டார். நஸ்ரத் பதே அலி கானின் குரலும் சங்கரின் இரட்டை வயலினும் அதில் இருக்கின்றன. அந்தத் தட்டுக்கு அடுத்த வருசம் கிராமி விருது கிடைத்தது. நானாவுக்கு நஸ்ரத் என்றால் உயிர். அதனால் இந்தத் தட்டை மட்டும் தன் போனில் ஏற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

இவற்றை ‘ஈழத்து இசைத்தட்டுகள்’ என்று பட்டியலில் சேர்க்கலாமா என்று சென்ற மாதமே ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். தட்டு பதிந்தது வெளிநாட்டில், காசு போட்டது வெளிநாட்டார், வாசித்தவர் பிறந்தது சென்னையில். சொந்தம் கொண்டாடினால் சிரிப்பார்கள். ஆனால் சுப்பிரமணியம், சங்கர் இருவரும் இசை தொடங்கிய ஊர் என்று யாழ்ப்பாணத்தின் பேர் அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பில் நிற்கிறது. எங்களுடைய இசை வரலாறுகளில் அவர்களுடைய பேர் நிற்கவில்லை. குறைந்தபட்சம் ஓர் அத்தியாயம் கொடுக்கலாம் என்றுதான் இந்த இதழை ஒதுக்கினேன்.

அடுத்த இதழுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் இருக்கும் ஆபிரிக்க வழிவந்த மக்களின் ‘மஞ்ஞா’ இசை. வெட்டிய தேங்காய்ச் சிரட்டையும் போத்தலும் கரண்டியும்கூட அங்கே வாத்தியம்தான்.